பாதி அழுத்தம்

ஓலு நகரம், மார்ச். ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
வெள்ளையாய் இருக்கும் இடங்களில் பாதத் தடங்கள்.
சாம்பல் நிறமான இடங்களில் யாரும் நடப்பதில்லை.

வீட்டு வாடகை உதவிக்கு
நாங்கள் செய்த படிவத்தை
நிரப்பிப் பார்க்க வந்திருக்கிறார் இர்மெலி.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
நேராக அங்கிருந்து வருகிறார், சட்டையில் சோப்பு மணக்க.
கூலி, இரண்டு சினிமா டிக்கெட்.

நான் அருகில் உட்காரலாம். உதவக் கூடாது.
‘மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்’
என்பதோடு என் பேச்சு முடிந்தது.

“இது வெறும் பெட்டி. உள்ளே ஒரு கோடு கண் சிமிட்டுகிறது.
எழுது, எழுது என்கிறது. சரி.
இது அம்புக்குறி வைத்த பெட்டி.
நம்மைக் கேட்பது போலக் கேட்டுவிட்டு
தனக்குத் தெரிந்ததையே நீட்டும்.
எங்கள் சூப்பர்வைசர் மாதிரி.”

சதுரங்களுக்கு வந்தார்.
பால்கனி உண்டு. டிக்.
சவுனா உண்டு. டிக்.
லிப்ட். வைத்தார், எடுத்தார்,
“பாதி நாள் ஓடுவதில்லை” என்று திரும்ப வைத்தார்.
சதுரங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை.
ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும்
அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

பிறகு வட்டங்கள். இரண்டே இரண்டு.
தனியாக வசிக்கிறேன்.
துணையுடன் வசிக்கிறேன்.

மவுஸ் நின்றது.

“நவம்பரில் விவாகரத்து ஆனது, எனக்கும் ஈஸ்கோவுக்கும்.
வீடு விற்கவில்லை. விலை படியவில்லை.
பிரிட்ஜில் இரண்டாவது தட்டு அவனுக்கு.
நாயை அவன் காலையில் கூட்டிப் போகிறான், நான் மாலையில்.
நாயிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.”

முதல் வட்டத்தில் புள்ளி வைத்தார்.
பார்த்தார்.
இரண்டாவதை அமுக்கினார், முதலாவது காலியானது.
இரண்டாவதையே மறுபடி அமுக்கினார்.
மறுபடி.
புள்ளி அசையவில்லை.
“இதை எடுப்பது எப்படி?”

பன்னிரண்டு வருடமாக இந்த வட்டங்களை வரைகிறேன்.
ஒரு முறை தொட்டால்
தொடாத நிலை திரும்ப வராது,
இடம் மாறலாம், அவ்வளவுதான்.
இதை விதியாகத்தான் படித்திருந்தேன்.
யாரும் என் பக்கத்தில் உட்கார்ந்து
விரலால் தட்டித் தட்டிக் கேட்டதில்லை.

“இதற்குப் பெயர் என்ன, உங்கள் பாஷையில்?”
ரேடியோ பொத்தான் என்றேன். விதி உடைந்தது.

சிரித்தார்.
“அப்பாவின் பழைய காரில் இருந்தது!
ஐந்து பொத்தான். ஒன்றை அமுக்கினால்
இன்னொன்று டக்கென்று எழும்பும்.
எனக்கு ஒரு வித்தை தெரியும், கேளுங்கள்.
எழுந்து நிற்கும் பொத்தானைப் பாதி வரை மட்டும் அமுக்கினால்
அமுங்கிக் கிடந்ததும் எழுந்துவிடும்.
ஐந்தும் வரிசையாக நிற்கும், எந்த ஸ்டேஷனும் இல்லாமல்.
ரோவனியேமி வரை அப்படியே போயிருக்கிறோம்.
உங்கள் படிவத்தில் பாதி அழுத்தம் கிடையாதா?”

கிடையாது.

கீழே அதுவரை சாம்பலாய்க் கிடந்த ‘அனுப்பு’
இப்போது நீலம். கால் வைக்கலாம் என்கிறது.
அவர் அதன் மேல் அழுத்தினார்.
விரலை எடுக்கவில்லை.
பொத்தான் அமுங்கி, கறுத்துக் காத்திருந்தது.
அப்படியே மவுஸை வெளியே இழுத்து
ஒன்றுமில்லாத வெள்ளையில் விட்டார்.
எதுவும் போகவில்லை.

“இருக்கிறதே” என்றார்.

என் குறிப்பில் எழுதினேன்:
மூன்றாம் கேள்வி, நான்கு நிமிடம் பத்து நொடி.
மாலையில் சாமுலி அதைப் படித்துவிட்டு
எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்பான்.

டிக்கெட்டுகளைக் கொடுத்தேன்.
நடுவே கிழிப்பதற்கென்று துளைகள் போட்ட ஒரே அட்டை.
அதைக் கிழிக்காமல், மடிக்காமல்
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு
லிப்ட் வரக் காத்திருந்தார்.