தொண்ணூறுக்கு அங்கால

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மாடிக்கடை.
ஜப்பானில் கழித்துவிட்டதெல்லாம் கொள்கலனில் வந்து
தரையில் கிடக்கிறது:
சோறவிக்கும் சட்டி, தையல் மெசின்,
யாரோ பாதி பாடிவிட்டுப் போன மைக்.
படி ஏறும்போதே நஸ்மில் கேட்கிறான்:
"என்ன தேடுறீங்க காக்கா?"

டியூனர்.
அம்ப்ளிபயர் இருக்கு, ரெண்டு பெட்டியும் இருக்கு.
மூடின வீடியோக்கடை வாடகைக்குப் பதிலாக
மச்சானிடம் விட்டது;
மச்சான் கடனுக்குப் பதிலாக என்னிடம் விட்டது.
மூன்று மாதமாய் வீட்டில் அது
வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்கிறது.
சட்டைப்பையில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
ஐந்நூறு பஸ்ஸுக்கும் பிளேன்டீக்கும்.

முதலில் காட்டியது மாப்பிள்ளை மாதிரி.
வெள்ளி முகம், பச்சை விளக்கு,
தொட்டதும் எண்ணெயில் வழுக்கும் குமிழ்.
எட்டாயிரம்தான். கையை நீட்டிவிட்டேன்.
மறுகா கண்ணாடியைப் பார்த்தால்
எழுபத்தாறில் தொடங்கித் தொண்ணூறில் முடியுது.
அது அந்த நாட்டு ஆகாயத்தின் அளவு.
நம்ம ஆகாயம் அநேகமாய்
தொண்ணூறுக்கு அங்காலதான்.
"சின்னப் பெட்டி ஒண்டு பூட்டினா இறங்கி வரும் காக்கா,
ரெண்டாயிரம்."
இறங்கி வரும். கூட என்னென்ன வரும் என்று
அவன் சொல்லவில்லை.
காரில் பூட்டினவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்தது இருபத்தெட்டாயிரம்.
நாற்பது நிலையத்தை ஞாபகம் வைக்குமாம்.
எனக்கு மூன்று போதும்:
செய்தி, பழைய பாட்டு, மழை வருமா என்று சொல்வது.
மற்ற முப்பத்தேழை அது எதற்குச் சுமக்க?

கீழ்த்தட்டில் ஒன்று கிடந்தது.
மூடியில் கீறல், பெயரில் ஓர் எழுத்து விழுந்துபோனது,
பின்னால் வளைய ஆன்டெனாவைக் காணோம்.
ஆனால் முள் நூற்றெட்டு வரை போனது.
கீழே டியூஷன் வகுப்பு, சத்தம் போட ஏலாது என்று
காதுமாட்டியைத் தந்தான்.

பத்தொன்பது வருடம் நெல் ஆலையில் நிற்கிறேன்,
இடப்பக்கம் இஞ்சின், வலப்பக்கம் வாசல்.
இடக்காதை இஞ்சின் எடுத்துக்கொண்டது.
இதை நஸ்மிலுக்கு எதற்குச் சொல்ல?
"லெப்ட்டும் ரைட்டும் எப்படிப் பிரியுது பாருங்க!"
ஓம் என்று தலையாட்டினேன்.
வலப்பக்கம் ஒருத்தி
தனியே பாடிக்கொண்டிருந்தாள்.

விரலில் ஒரு பொத்தான் தட்டுப்பட்டது. அழுத்தினேன்.
எங்கிருந்தோ ஒரு வயலின்
ஓட்டமாய் ஓடிவந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.
இவ்வளவு காலமும் சுவருக்கு அந்தப் பக்கமா
வாசித்துக்கொண்டிருந்தாய்?
"அது மோனோ காக்கா. ஆரும் பாவிக்கிறல்ல."
அப்ப அதுக்குரிய காசைக் கழி என்றேன்.

பதினோராயிரம் ஒன்பதரையானது. வயர் இனாம்.
உரப்பையில் சுற்றி மடியில் வைத்தேன்.
காரைதீவுச் சந்தியில் கண்டக்டர்
அதற்கும் டிக்கெட் கேட்டான், பகிடிக்குத்தான்.

றமீசாவுக்கு ரெண்டு காதும் வடிவாய்க் கேட்கும்.
பொத்தானைத் தட்டி வெளியே எடுத்தாள்.
"இஞ்ச பாருங்க, தபேலா அலுமாரிப் பக்கம்,
அவ நடுவுல, மற்றது ஜன்னலுக்கு வெளிய!"
சாப்பாட்டறை மண்டபமாய்ப் போய்விட்டதாம்.
எனக்குக் கேட்டது உமி.
தூரத்து நிலையம் ஸ்டீரியோவில் வந்தால்
பாட்டுக்குப் பின்னால் ஓயாமல் உமி கொட்டுகிறது.
பகல் முழுக்க அதைத்தானே கேட்கிறேன்.
பொத்தானை அழுத்தினால்
தீட்டின அரிசி.

ஆன்டெனா வயரைக் கொடிக்கயிற்றோடு கட்டியிருக்கிறோம்.
ஈரச் சாரம் காய்கிற நாளில் சிக்னல் குறைவு.
ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால்
செய்தி வாசிப்பவர் தும்முகிறார்.

காலையில் நான் ஆலைக்குப் போகும்போது
பொத்தான் உள்ளே இருக்கும்.
மாலையில் வந்தால் வெளியே நிற்கும்.
அழுத்துவேன்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
நேற்றுப் பின்னேரம் கரண்ட் இல்லை.
அப்போதும் அழுத்தினேன்.