பின்னங்கால்

மீக்கர் ஊருக்கு மேலே, சாலை தீர்ந்த இடத்தில்
டார்லா எங்கள் பைகளைத் திறந்து
பாதியை வண்டிக்குள்ளேயே திருப்பிப் போட்டாள்.
ஊறுகாய் பாட்டில், டியோடரண்ட், இரண்டாவது தலையணை.
"எல்க்குக்குக் கண் சுமார். மூக்குதான் எல்லாம்."
புளியோதரையை முகர்ந்தாள், யோசித்தாள்.
"இது இன்றிரவே தீர்ந்தாகணும்."

நாங்கள் நால்வர்.
டென்வரில் ஒரே கிரிக்கெட் அணியில்
சேர்ந்து தோற்றுப் பழகியவர்கள்.
செய்யது, பரிதி, ஃபெலிக்ஸ், நான்.
ஆளுக்கொரு ஆரஞ்சு மேலாடை,
சாலை போட வந்தவர்கள்
வழிதவறி மலையேறியதுபோல.
சுடுவதற்கான சீட்டு ஒன்றே ஒன்று. என் பெயரில்.

கூடாரத்தில் வளைந்த ரப்பர் துண்டை
நாக்கின்மேல் வைத்து ஊதக் காட்டினாள்.
பெட்டையின் குரலாம்.
பரிதிக்குக் குக்கர் விசில் வந்தது.
செய்யதுக்கு எச்சில் மட்டும்.
ஃபெலிக்ஸ் ஊதியபோது
அடுப்பருகே கிடந்த அவள் நாய் எழுந்து நின்றது.

மூன்று நாள்.
சின்னப் புட்டி ஒன்றை அமுக்கிக் காற்று பார்ப்பாள்,
வெள்ளைப் பொடி எங்கள் முதுகைத் தாண்டி
மான் இருக்கும் பக்கமே போகும்.
வந்த வழியே இறங்குவோம்.
மலையும் மலைசார்ந்த இடமும் என்று
ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதியபோது
இப்படி மூச்சு வாங்கவில்லை.
வாட்ஸ்அப்பில் விடிய விடிய அடித்துக்கொள்கிறவர்கள்
கண்சாடையில் பேசினோம்.
அப்போதுதான் உறைத்தது:
ஃபெலிக்ஸ் பேசாமலிருப்பது
இந்த மூன்று நாளாக அல்ல.

நான்காம் விடியல். ஆஸ்பென் மரங்களுக்குள்
துருப்பிடித்த கதவு திறப்பதாகத் தொடங்கி
குழலாக உயர்ந்து
உறுமலில் முடிந்தது ஒரு குரல்.
டார்லா ஃபெலிக்ஸைப் பார்த்தாள். ஊதினான்.
கிளைகள் நடந்து வந்தன,
பிறகுதான் அவற்றின் கீழே ஒரு தலை.
யாரோ தன்னை அழைத்ததாக நம்பி
நூற்றிருபது கெஜத்தில் பக்கவாட்டில் திரும்பியது.
செய்யது பிஸ்மில்லா சொன்னான்.
சுடுவது நான், அவனுக்கு அது ஆகாது.
ஆனாலும் சொன்னான்.

நான்கு எட்டு நடந்தது.
மறந்துபோன எதையோ எடுக்கத் திரும்புவதுபோல் நின்றது.
முன்கால்கள் மடிந்தன.

அரை மணி காத்திருக்கச் சொன்னாள்.
பரிதி என் தோளைத் தட்டக் கை தூக்கி
தட்டாமலே இறக்கினான்.

பிறகு வேலை. கையளவு கத்தி,
ஆவி பறக்கும் உடல்.
"காலைத் தூக்கிப் பிடி. இன்னும்."
ஃபெலிக்ஸ் பின்னங்காலை
மார்போடு அணைத்து நின்றான்,
குளம்பு கன்னத்தை உரசியபடி.
அப்படியே, யாரையும் பார்க்காமல்:
"ரெஜினா ஆகஸ்ட்லயே போயிட்டா.
பையனையும் கூட்டிட்டு."

செப்டம்பரில் அவன் வீட்டில் பிரியாணி சாப்பிட்டோம்.
ஊருக்குப் போயிருக்கா என்றான்.
இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

கத்தி நிற்கவில்லை.
தமிழ் தெரியாத டார்லா
"இன்னும் மேலே" என்றாள்.
செய்யது போய் அதே காலைப் பிடித்தான்.
பரிதியும் போனான். மூன்று பேருக்கே அங்கே இடமில்லை.
நான் குளம்பைப் பிடித்துக்கொண்டேன்.
மூட்டு விட்டுக்கொடுத்த நொடியில்
அத்தனை கனமும்
எங்கள்மேல் ஒன்றாகச் சாய்ந்தது.
செய்யது வழுக்கி உட்கார்ந்தான்.
முதலில் சிரித்தது ஃபெலிக்ஸ்தான்.

கோவேறு கழுதைகள் நின்ற இடத்துக்கு ஆறு நடை.
கடைசி நடையில் அவன் சுமையோடு நின்று
ரப்பரை நாக்கில் வைத்து ஊதினான்.
எதிர்ச்சரிவிலிருந்து பதில் வந்தது.
"டேய், சீட்டு தீர்ந்தாச்சு" என்றேன்.
மறுபடி ஊதினான். இன்னும் கிட்டத்தில் பதில்.

டார்லா தடுக்கவில்லை.
பழக்கதோஷத்தில் புட்டியை அமுக்கினாள்.
பொடி கலைந்து
அந்தச் சரிவைப் பார்த்துப் போயிற்று,
எங்கள் வியர்வை, ரத்தம்,
நான்கு நாள் முந்தைய புளி எல்லாவற்றோடும்.