ஆனிக் காற்றில் ஐம்பது எம்.எம்.

ஏர்வாடியில் மைதீன் பிச்சையின் காயலான்கடைத் தராசில்
அது இருநூற்று முப்பது கிராம் நின்றது.
"கண்ணாடிக்குத் துட்டு வேண்டாம் வே,
கூட்டுக்கு மட்டும் அலுமினிய விலையப் போட்டுக் குடும்."
உள்ளே ஓரத்தில் பூஞ்சை,
ஊசிப்போன மாவில் ஓடுகிற நூல்போல.
அது மாட்டியிருந்த கேமராவை
போன மாதமே உருக்கக் கொடுத்துவிட்டாராம்.

பணகுடிக்குத் தெற்கே காற்றாலையில் எனக்கு வேலை.
எண்பது மீட்டர் ஏணி, நெஞ்சில் பட்டை, இரண்டு கொக்கி.
ஒன்றைக் கழற்றுமுன்
மற்றது மாட்டியிருக்க வேண்டும்.
பதினோரு வருசமாக இதைத்தான் படிக்கிறேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
என் கேமராவின் வாய்மூடியில் வட்டமாகத் துளைபோட்டேன்.
ஒரு ஃபில்டரின் கண்ணாடியைத் தட்டி உதிர்த்து
வளையத்தை மட்டும் மூடியோடு எம்-சீல் வைத்து ஒட்டி
ஒரு ராத்திரி காயவிட்டு
லென்ஸை முகங்குப்புறத் திருகினேன்.
உலகத்தைப் பார்த்திருந்த பக்கம் உள்ளே போயிற்று.
இத்தனை வருசம் இருட்டையே பார்த்திருந்த பக்கம்
முதன்முதலாக வெயிலில் வந்து நின்றது.

ஒன்றுமே தெரியவில்லை.
மகேந்திரகிரி மொத்தமும் சாம்பல் கஞ்சி.
கிட்ட, இன்னும் கிட்ட,
நாலு விரல்கடைக்கு வந்ததும்
சட்டைப் பித்தானின் நூல்
தேர்வடமாக எழுந்தது.
வளையத்தைத் திருகிப் பிரயோசனமில்லை.
ஆள்தான் நெல்மணி அளவு முன்னால் போகணும்,
நெல்மணி அளவு பின்னால் வரணும்,
மூச்சுவிடாமல்.
ஃப்ளாஷ் சுள்ளென்று அடித்ததால்
கழுவிய பால் கவர் ஒன்றை அதன்மேல் கட்டினேன்.

எல்லாம் சரி. காற்று?

எனக்குச் சம்பளம் தருகிற அதே காற்று
ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து
எருக்கம்பூவைப் பேயாட்டம் ஆட்டுகிறது.
கட்டுப்பாட்டு அறைத் திரையில் மெகாவாட் ஏறஏற
என் கார்டில் ஊதாக் கலங்கல் ஏறுகிறது.
"காத்தில்லாத எடமாப் பாத்துப் போயி எடேம்ல"
என்கிறான் உச்சிமாகாளி.
காத்தில்லாத இடத்தில் எனக்கு என்ன சோலி?

போன வாரம் இறகு கழுவக் கயிற்றில் இறக்கினார்கள்.
முன்விளிம்பு நெடுக அப்பிக்கிடந்தது பூச்சி.
அதனால் மின்சாரம் குறைகிறதாம்.
சுரண்டியதில் கொஞ்சம் தீப்பெட்டியில் போட்டு வந்தேன்.
அவை ஆடவில்லை.
ஒரு அந்துப்பூச்சியின் சிறகு
ஓடு வேய்ந்த கூரையாக, வரிசை வரிசையாக,
நடுவில் நாலு ஓடு பெயர்ந்து.
எடுத்த இருபதும் தெளிவு.
இருபதையும் அழித்தேன்.
"நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள் ஞானக்கனி.
எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காவல்கிணறு விலக்குக்கு மேற்கே,
வயிற்றில் படுத்து,
எருக்கந்தண்டைத் துணிக்கிளிப்பால் கம்போடு கவ்வவைத்து
நூற்றுப் பதிமூன்று படம்.
நூற்றுப் பன்னிரண்டில் காற்று.
மிச்சம் ஒன்றில்
எறும்புக்கு முகமில்லை, வயிறில்லை,
எல்லாம் தண்ணீரில் கரைந்த மை.
ஒரே ஒரு கால் நுனி மட்டும் தெளிவு.
அதில் இரண்டு கொக்கி.
பூவின் மெழுகுத்தோலில் அவை இறங்கிய இடத்தில்
ஒரு சின்னப் பள்ளம்.

திங்கட்கிழமை ஏணியில்
நாற்பதாவது மீட்டரில் கொஞ்சம் நின்றேன்.
கீழேயிருந்து வாக்கிடாக்கி கேட்டது: "என்னல ஆச்சு?"
ஒண்ணுமில்ல, என்றேன்.
மாட்டினேன். கழற்றினேன்.

சாயங்காலம் ஏர்வாடிக்குப் போய்
வேறு லென்ஸ் கிடக்கிறதா என்று கேட்டேன்.
மைதீன் பிச்சை என் கேமராவையே
கொஞ்சநேரம் பார்த்தார்.
இனிமேல் கிலோக் கணக்கு கிடையாதாம்,
எண்ணிக்கைக் கணக்காம்.