முப்பத்தொன்பது பட்டை

குளியல் தொட்டியில் முப்பத்தாறு தோல் பட்டைகள்
குப்புறக் கிடக்கின்றன.
ஒவ்வொன்றாகக் குமிழி விட்டு
மூச்சை முடித்துக்கொள்கிறது.
கிதினியாவில் ஞாயிறு, மழை.
போரிஸ் ஒரு வாரமாய்ச்
சமையலறையில்தான் பல் துலக்குகிறான்.
எதுவும் சொல்லவில்லை.
தண்ணீரைக் கொஞ்சம் சத்தமாய்த் துப்புகிறான்,
அவ்வளவுதான்.

ஜூலையில் கோட்டைத் திடலில் போர் விளையாட்டு.
எந்தக் கதையிலும் இல்லாத படைத்தலைவி நான்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
பாவாடை முதலில்.

இடுப்பு நூற்றொன்று.
மூச்சை இழுத்துப் பிடித்தால் தொண்ணூற்றெட்டு,
ஆனால் வாள் வீசும்போது
யார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்?
உண்மை அளவையே தாளில் எழுதினேன்.
தானியப் பெட்டி அட்டையில் வார்ப்பு வெட்டி
ஒன்றுக்கு இரண்டு புள்ளி எட்டு,
முப்பத்தாறு முறை கத்தி இழுத்தேன்.
கணக்கு சரி.

சாயம் வால்நட் பழுப்பு.
கம்பளித் துணியைப் பந்தாக்கித் தொட்டு
வட்டம் வட்டமாய்த் தேய்க்க வேண்டும்.
கோடாய் இழுத்தால் கோடாகவே நிற்கும்.
வயிற்றுத் தோல் தாகக்காரன்,
வைத்த மாத்திரத்தில் குடித்துக் கறுக்கிறது.
தோள்பட்டைத் தோலோ
விருந்துக்கு வந்த மாமியார்போல
"போதும், போதும்" என்கிறது.
இரண்டாம் பூச்சு, மூன்றாம் பூச்சு.
ஒரே மாடுதான் என்று
சத்தியம் செய்து விற்றான் கோர்டியன்.
முப்பத்தாறு பழுப்பு இருக்கிறது இங்கே.

பொறுக்காமல் கணப்பின்மேல் உலர்த்தினேன்.
அதுதான் பிழை.

திங்கள் இரவு ஷிப்ட் முடித்து வந்து
வரிசையாய் அடுக்கி நாடா வைத்தால்
தொண்ணூற்று மூன்றரை.
மறுபடி வைத்தேன்.
நாடாவைத் திருப்பி மறுமுனையிலிருந்து வைத்தேன்.
போரிஸைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன்.
பட்டைக்கு இரண்டே மில்லிமீட்டர்.
தனித்தனியாய் ஒன்றும் குற்றவாளி இல்லை.
சேர்ந்து நின்றால்
என் இடது இடுப்பில் நாலு விரற்கடை வெளிச்சம்.

"மெலிந்துவிடேன்," என்றான் போரிஸ்.
மறுநாள் அவனே காபி போட்டான்.

மிச்சத் தோலைக் கிளறினேன்.
பண்ணைக்காரன் சூடு வைத்த எண் இருந்த துண்டு:
வேண்டாமென்று ஒதுக்கிய ஏழு.
அதில் இரண்டு பட்டை தேறியது.
ஏழு பாதியாய்ப் பிளந்து
ஒன்றில் கொக்கி, ஒன்றில் கால்.
வெந்த இடத்தில் சாயம் ஏறவில்லை,
வழுக்கிக்கொண்டு ஓரத்தில் போய் நின்றது.

மூன்றாவதற்குத் தோல் இல்லை.
பணிமனையில் க்ஸவேரியிடம் சொன்னேன்.
எண்ணெய்க் கையைத் துடைக்காமலே
பழைய வண்டி ஒன்றுக்குள் ஏறி
நின்றபடி போகிறவர்கள் பிடித்துக்கொள்ளும்
தோல் வாரை அறுத்துக் கொடுத்தான்.
"இது தொங்கி எத்தனை காலமோ," என்றான்,
"எழுதிவைக்காதே, அலுவலகம் கேட்கும்."

அன்றிரவு அதைச் சோப்பால் கழுவினேன்,
ஸ்பிரிட்டால் துடைத்தேன், பூசினேன்.
இரு முனைகளும் நல்ல பிள்ளையாய்ப் பழுத்தன.
நடுவே ஒரு சாண்
எத்தனை பூசினாலும் பசுவெண்ணெய் நிறம்.
வேலைக்குப் போனவர்கள், துறைமுகத்துக்காரர்கள்,
பிரேக் போட்டதும் இறுக்கிய உள்ளங்கைகள்
தங்கள் கொழுப்பை உள்ளே விட்டிருக்கின்றன.
சாயம் சுற்றிப் பார்த்துவிட்டு
உட்கார இடமில்லாமல் இறங்கிவிட்டது.

பின்னால் வைத்து மறைக்கலாம்.
துளை போடும்வரை அதுதான் எண்ணம்.
பிறகு, வாள்கை ஓய்வாய்த் தொங்கும்போது
விரல் போய்த் தொடும் இடத்தில், வலப்புறம்,
ரிவெட் அடித்தேன்.
சுத்தியல் சத்தத்துக்கு
மேல்வீட்டு ஹால்ஷ்கா அம்மாள்
துடைப்பக் கட்டையால் பதில் சொன்னாள்.

நூற்றொன்றரை. நிற்கிறது.
உட்கார்ந்தால் முன்பக்கம் விசிறியாய்ப் பிரிகிறது.
எழுந்தால் மழைபோல ஒரு சத்தம்.
அதை அளவெடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று காலை, இருபத்துநாலாம் எண் டிராலிபஸ்.
ஏறிய ஒரு பெரியவர்
ஸ்டியரிங்மேல் என் விரல்களைப் பார்த்தார்,
நகக்கண் பத்தும் கறுப்பு.
"வண்டி மக்கரா, அம்மா?"
"இல்லை, பாவாடை," என்றேன்.
அவர் யோசித்தபடியே உள்ளே போனார்.
மேலே பிளாஸ்டிக் வளையத்தைப் பிடித்துக்கொண்டார்.
கதவை மூடினேன்.