நானூற்றுப் பன்னிரண்டு

பவரை அழுத்தினால் முதலில் எழும்புவது
கொம்பியூட்டர் அல்ல, ஒரு பெண்.
இடது மூலையில் நின்று சிரிக்கிறாள்.
அவளை மூடினால் இன்னொருத்தி.
அவளையும் மூடினால்
பத்து இலட்சம் டொலர் விழுந்திருக்கிறது
டொக்யாட் வீதி புவனமலர் மச்சாளுக்கு.

"இந்தக் காசை எடுக்கத்தான் உன்னைக் கூப்பிட்டனான்."
பகிடியோ உண்மையோ,
மச்சாளின் முகத்தில் பிடிபடாது.
இருபத்திரண்டு வருடம்
வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் இருந்த முகம்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
மா ஆலை லொறியின் உட்புறம்போலத் தூசி,
உப்புக்காற்றில் துருவேறிய திருகாணி,
விசிறிக்குக் கீழே இரண்டு பல்லி முட்டை.
கையை வைத்துப் பார்த்தேன்.
கன்னியாவின் ஏழு கிணற்றில்
எதுவென்று சொல்லத் தெரியாத சூடு.

துவாரகன் பென் டிரைவில் கொண்டு வந்ததாம்.
டியூசனில் ஒருத்தன் கொடுத்தானாம்,
அவனுக்கு மூதூரில் இருந்து இன்னொருத்தன்,
அந்தப் பெயர்களின் பின்னால் போனால்
இரவுக்குள் மட்டக்களப்பை அடையலாம்.
நான் போகவில்லை.
அவனும் கதவு நிலையில் சாய்ந்தபடி
மிச்சக் குற்றத்தை
மின்வெட்டின் தலையில் கட்டினான்.

சேஃப் மோடில் ஏற்றினேன்.
திரையின் நாலு மூலையிலும் பாதுகாப்பு என்று எழுதி
நடுவெல்லாம் கறுப்பு.
இந்த ஊர்க்காரருக்கு
அது புதிய படம் அல்ல.

புழு கெட்டிக்காரப் புழு.
ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒளித்துவிட்டு
அதன் பெயரை எடுத்துத் தான் உடுத்துக்கொண்டு
அதே மஞ்சள் உறையோடு
அதே இடத்தில் குந்தியிருக்கிறது.
'காணி வழக்கு', காணி வழக்கு அல்ல.
'தண்ணி பில்', தண்ணி பில் அல்ல.
'இவர் அந்தியேட்டி' என்றதையும்
அழிக்கவா என்று கேட்டது ஸ்கானர்.
அது அண்ணா இல்லை என்று தெரியும்.
தெரிந்தும் எழும்பிப் போய்
ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான்
ஆம் என்று அழுத்தினேன்.

நாற்பது வீதம்.
மதிலோரம் ஒரு மான்
குப்பைக் கூடையில் இருந்து
துவாரகனின் கணக்குத் தாளைத் தின்கிறது.
நாற்பத்தொரு வீதம்.
சைக்கிளில் பாண்காரர் போகிறார்.
நாற்பத்தொன்று.

கடைசியில் நானூற்றுப் பன்னிரண்டு.
அத்தனைக்கும் ஆம், ஆம், ஆம்.
பிறகு ஒரு வரிக் கட்டளை.
ஒளிந்திருந்தவை ஒவ்வொன்றாய்
மங்கலாக வந்து, வெளிச்சமாயின.

திறக்கிறதா என்று பார்க்கவேண்டும்.
கைக்கு அகப்பட்டது 'சீட்டு'.
இருபது பெயர், மாதம் ஐயாயிரம்,
ஓரத்தில் குறிப்பு:
மகளின்ர கலியாணமாம், பொறுக்கட்டாம்.
ரெண்டுதரம் வீட்டை போனது.
இவளுக்கு இனிச் சீட்டு இல்லை.
ஒன்பதாவது வரியில் நான்.
காசை எடுத்த மாதத்துக்குப் பிறகு
ஏழு கட்டம் வெறும் வெள்ளை.
குறிப்பு: கேக்கேல்லை.

என் விரல் இன்னும் மௌஸில் இருந்தது.
நானூற்றுப் பதின்மூன்று என்று
ஒன்று இருந்திருக்கலாம்.
வைரஸ் தின்றதென்றால்
யார் போய் அதன் வயிற்றைக் கீறிப் பார்ப்பார்?

"எல்லாம் அழிஞ்சிட்டுதோ?"
பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும்
கீபோர்டுக்கு அருகே வந்து உட்கார்ந்தன.
"இல்லை மச்சாள். ஒளிச்சுத்தான் வச்சிருந்தது."
"சீட்டுக் கணக்கும்?"
"அதுவும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டா.
திரையைப் பார்த்தா. என்னைப் பார்க்கவில்லை.
"கடைக்குக் குடுத்திருந்தா
இதுக்கு எவ்வளவு கேட்டிருப்பாங்கள்?"
தேநீர் நாக்கைச் சுட்டது.
"ஒரு... ஐயாயிரம்."

மௌஸை என் கையில் இருந்து வாங்கி,
ஒன்பதாவது வரிக்கு மெல்ல இறங்கி,
ஒரு வெள்ளைக் கட்டத்தை நிரப்பி,
சேமித்தா.
"இன்னும் ஆறு" என்றா.
"அந்தப் பிரிண்டரும் கொஞ்ச நாளா
வேலை செய்யுதில்லை."