நான்கு எழுத்துக்கு மேல் போகக்கூடாது

தலைமை அலுவலகத்திலிருந்து பேசினார்கள்.
புது மென்பொருளில் உங்கள் ஊர் ஏறவில்லை,
பெயர் நீளம்,
நான்கு எழுத்துக்குள் வேறொன்று வைத்து
சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள்.

எண்ணிப் பார்த்தேன்.
நாகர்கோவில், ஆறு எழுத்து.
இத்தனை வருஷத்தில் யாரும் எண்ணச் சொன்னதில்லை.

வெளியே மழை.
ஆனியில் பெய்வது ஒன்று, ஐப்பசியில் பெய்வது ஒன்று.
இது இரண்டு கணக்கிலும் வராதது.
வெட்டூர்ணிமடம் கிளையின் தகரக் கூரையில்
யாரோ பார்சல் பிரிக்கிற மாதிரி விழுந்தது.

தாணுமூர்த்தி அண்ணன்
வேன் சாவியை மேசையில் போட்டு
"மேடுபள்ளம்னு வை பிள்ளே" என்றார்.
பார்வதிபுரத்தில் பாலம் வந்த பிறகும்
அவர் இடுப்பு அப்படித்தான் சொல்கிறதாம்.
விரல் மடக்கினேன். அதுவும் ஆறு.

அஜின் சொன்னான்: "மட்டி."
சின்னப் பழம், சின்னப் பெயர்,
பல் முளைக்காத வாய்க்கு
இந்த ஊர் முதலில் மசித்துத் தருவது.
ஆனால் மதுரை தாண்டினால்
மட்டி என்பது பழம் இல்லை, திட்டு.
ரசீதில் பார்த்தால் சிரிப்பார்கள்.
"சிரிக்கட்டு, அவனுக்குப் பழம் கெடையாது" என்றான்.

ஷைனிலெட் டேப் கிழித்துக்கொண்டே
"வந்தாச்சு" என்றாள்.
தண்டவாளம் முழுக்கத் தூங்கிக்கொண்டு வரலாம்,
வண்டி இங்கேயே நின்றுவிடும்,
இறங்க வேண்டிய இடம் தவறாது.
நல்ல பெயர்தான், ஒரு எழுத்து கூடுதல்.
குறைத்து எழுதிப் பார்த்தோம்: வந்தாசு.
வந்த மாதிரியே இல்லை.

எனக்குப் பெயர் மாற்றுவது புதிதில்லை.
போன வருஷம்
என் பெயருக்குப் பின்னால் ஏழு வருஷம் நின்றவரை
அரசிதழில் கட்டணம் கட்டி இறக்கிவிட்டேன்.
வங்கிக்கு நான்கு மாதம் பிடித்தது.
ஆதார் இரண்டு முறை திருப்பி அனுப்பியது.
கோயம்புத்தூரிலிருந்து வந்த விடியற்காலையில்
ஆரல்வாய்மொழிக் காற்று பேருந்து ஜன்னலைத் தட்டி
எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை.
வடசேரியில் தேங்காய் விற்கிற ஆச்சிமுத்து
"என்ன ஷீலா, மெலிஞ்சு போயிட்டியே" என்றாள்.
அவ்வளவுதான்.
நடுவில் இருந்த பெயரை
அவள் ஒரு நாளும் கேள்விப்பட்டதே இல்லை.

அப்போது தொலைபேசி.
குலசேகரத்தில் யாருக்கோ ரப்பர் கத்தி வரவில்லை.
"எங்கெ இருந்து பேசுகிய?" என்றது குரல்.
"நாரோல்லே இருந்து" என்றேன்,
எப்போதும் சொல்கிறபடி,
யோசிக்காமல்.

வைத்த பிறகு கை நின்றது.
நாரோல்.
நா, ரோ, ல்.
மூன்றே எழுத்து.

எங்கே போயிற்று மிச்சம்?
கோ போயிருக்கிறான், வில்லையும் எடுத்துக்கொண்டு.
ஊர்வலம் ஏதும் இல்லாமல்,
பேருந்து வாசலில் தொங்குகிற நடத்துனர் வாயில்,
"நாரோல் நாரோல்" என்கிற அவசரத்தில்
ஒரு அரசன் இறங்கிப் போயிருக்கிறான்.
நாகம்தான் விழுங்கியிருக்க வேண்டும்.
பாருங்கள், நடுவில்
அந்த ரோ இன்னும் புடைத்துத்தான் இருக்கிறது.

ஷைனிலெட் வேறு மாதிரிச் சொன்னாள்:
"நாரும் ஓலயும். நம்ம முற்றத்துல கெடக்கது அதானே."

தட்டினேன். அனுப்பினேன்.
ஏதோ பிள்ளை பெற்றது போல நால்வரும்
கட்டன் சாயாவும் ரசவடையும் வாங்கிச் சாப்பிட்டோம்.

ஏழு மணிக்குப் பதில் வந்தது.
அப்படி ஒரு ஊர்
பட்டியலில் இல்லை என்கிறதாம் மென்பொருள்.
தற்காலிகமாக நாங்களே ஒன்று வைத்திருக்கிறோம்.

மறுநாள் மழை இல்லை.
முதல் ரசீது சூடாக வெளியே வந்தது:
தெ-9.
தாணுமூர்த்தி அண்ணன் வேனில் ஏறி,
அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
என்னிடம் கேட்டார்:
"தெ ஒம்பதா?
அது எங்கெ கெடக்கு?"