ஒருக்களித்து ஓடும் கார்

தண்ணீர் லாரி நான்கு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.
களிமண் கறுத்து, பிசுபிசுத்து,
செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் பதம்.
அயோவாவின் இந்த மூலையில்
பன்றிக் கொட்டகைக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே
அரை மைல் நீள்வட்டம்.

பகலில் தானியக் கிடங்கில் எடை போடுகிறேன்.
லாரி ஏறும், முள் நகரும், சீட்டுக் கிழிப்பேன்.
இரவில் நான் எடை போடுவது
எந்த முள்ளையும் அசைக்காத ஒன்றை.

கோர்டி ஹவ்லிக்கின் காருக்கு உடம்பு தைப்பவள் நான்.
அலுமினியத் தகடு வெட்டி, மடக்கி, ரிவெட் அறைந்து.
என் பெயர் அதில் எங்கும் இல்லை.
தீவனக் கம்பெனியின் பெயர் இருக்கிறது,
மூன்று இடத்தில்.

பார்த்தால் ஓர் ஆப்பு.
மூக்கு தரையை முகரும், முதுகு ஏறிக்கொண்டே போகும்,
முடிவில் குறுக்கே நிமிர்ந்த ஸ்பாய்லர்.
ஒரு நூல் உயரம் கூடினாலும்
பரிசோதகர் லைல் அளவுகோலோடு வந்து
முதலில் சிரிப்பார், பிறகு கிழிப்பார்.

ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.
நேராகப் போவதற்குத்தான் நேரான உடம்பு வேண்டும்.
இது வளைவை ஒருக்களித்துக் கடப்பது.
இடது பின்சக்கரம் எக்கி எழும்ப,
வால் வெளியே வீச,
வலது கதவுதான் அப்போது முகம்.
அதில் அறைகிற காற்று உள்வட்டத்துக்குத் தள்ளும்,
மேலே வழிகிற காற்று ஸ்பாய்லரில் முட்டி
டயரின் மீது உட்காரும்,
கொழுத்த இரண்டு பன்றிகளின் பாரத்தோடு.
நாற்பது மைலில் அது வெறும் காற்று.
நூறு மைலில் அதற்கு உடம்பு வந்துவிடுகிறது.

தகுதிச் சுற்றில் எல்ராய் ட்ராஸ்க் குறுக்கே விழுந்தான்.
எங்கள் மூக்கின் இடது பாதி
மூன்றாம் வளைவில் கிடந்தது,
டிராக்டர் வந்து அள்ளிப் போனது.
"திருப்பினா திரும்ப மாட்டேங்குது"
என்றான் கோர்டி, கண்ணாடியை வழித்தபடி.

இருபது நிமிடம்.
பள்ளி வாரியத் தேர்தல் பலகை ஒன்றை
மைகா எங்கிருந்தோ பிடுங்கி வந்தான்.
வளைத்தோம், டேப் சுற்றினோம்,
வேட்பாளரின் பாதிச் சிரிப்பு பம்பருக்கு மேலே நின்றது.
போதாது, எனக்குத் தெரியும்.
முன்னால் அமுக்கக் காற்றில்லை, பின்னால் முழுசாக இருக்கிறது.
பின்னால் அழுந்துகிற கார் நேராகவே போகும்,
நேரே சுவர்.

ஸ்பாய்லரில் ஓரங்குலம் வெட்டினேன்.
"இருக்கிறதையும் பிடுங்குறியா?"
"ஆமா."
அவன் வேறெதுவும் கேட்கவில்லை, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான்.

பதினோராம் இடத்தில் கிளம்பினான்.
காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம்,
காற்றே இல்லாத இடத்தில்,
இன்னொருவன் முதுகுக்குப் பின்னால்,
எதைத் தூற்றுவது?
முன்னே போகிறவன் நல்லதையெல்லாம் தின்றுவிட்டு
கலங்கியதைத் துப்பிக்கொண்டு போகிறான்.
எட்டுச் சுற்று அந்த எச்சிலில் தடுமாறினான்.
ஒன்பதாவதில் உள்பாதையை விட்டு
மண் குவிந்த வெளி விளிம்புக்கு ஏறினான்.
அங்கே யாரும் தொடாத காற்று.
கார் ஒருக்களித்ததை நான் வேலி கம்பியில் உணர்ந்தேன்,
இரண்டு பிடியும் குறைந்த கார்,
ஆனால் இரண்டும் சமமாகக் குறைந்தது.

ஆறாவதாக வந்தான்.
ட்ராஸ்க் நான்காவது. விடுங்கள்.

நள்ளிரவில் கழுவும் முன்
கைவிளக்கோடு காரைச் சுற்றி வருகிறேன்.
தூசி பொய் சொல்வதில்லை,
காற்று ஓடிய தடமெல்லாம் தகட்டில் கோடு கோடாய்.
வலது கதவில் அடர்த்தி. முதுகில் சீரான வரிகள்.
இடது தோளுக்குப் பின்னால் மட்டும்
உள்ளங்கை அகலத்துக்கு
ஒரு கோடும் இல்லை, சும்மா பொடி படிந்திருக்கிறது.
இந்த சீசன் முழுக்க காற்று அங்கே வந்ததேயில்லை,
மூக்கு முழுசாக இருந்தபோதும்.

மைகா குழாயைத் திறக்கப் போகிறான்.
"இரு" என்கிறேன்.
சாக்பீஸ் தேடுகிறேன்.